கொடுத்து வாங்கும் விதை



1966-ல் வெளிவந்த ஐ.ஆர்.8 நெல்லை நாம் அறிவோம். பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார், இந்தோனேசியாவின் பீட்டா நெல்லையும் தைவானின் குட்டை நெல்லையும் இனக்கலப்புச் செய்து அதனை உண்டாக்கினர். மகசூல் பெருகிற்று, நோயும் பெருகிற்று. பயிரைக் குட்டையாக்கிப் புல்லாய் மாற்றும் நச்சுயிரி நோயைத் தாங்கும் குணம், ஆயிரக்கணக்கான நெல் மாதிரிகளைச் சோதித்தபின், உத்தரப் பிரதேசத்துக் காட்டு நெல் ஒன்றிலேதான் கிட்டியது. 1976-ல் வெளியான ஐ.ஆர்.36 அக்குணத்தைப் பெற்றது. எவரும் பயிரிடாத நெல் பல நாட்டு வயல்களைக் காத்தது!

ஆகவே, நம் ஊர்ப் பழைய நெல் எதனையும் பயனற்றதென்று கைவிடலாகாது. அத்தகைய விதை உங்களிடம் இருப்பின், ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்ப ஒரு படி எங்களிடம் தாருங்கள். அங்கிருந்து வரும் புது விதைக்கும் வயலில் ஒரு மூலையை ஒதுக்குங்கள். விளைந்தாலும் பொய்த்தாலும் உள்ளபடி தெரிவியுங்கள். கொடுப்பதும் வாங்குவதும் சேர்ந்ததே கூட்டுறவு.