பாதாம் பாலில் பாதாம் எவ்வளவு?

(நெய்வேலி நகரியத்தில் குடியிருப்போர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் டாக்டர் இல்லை, உணவியல் நிபுணரும் இல்லை. செய்தித் துறையில் எழுதுகிற ஆள். பாலைப் பற்றிப் பேச வந்ததற்குக் காரணம் என் அத்தை. அவங்க வீடு இதே நகரியத்தில்தான். மாமாவுக்குச் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை.

அத்தைக்குப் பால் குடித்தால் வயிறு உப்பும். போன வருஷம் யாரோ ஒரு வீடியோ அனுப்பினாங்க: "பசும்பாலை நிறுத்துங்க, பாதாம் பாலுக்கு மாறுங்க." அத்தை உடனே மாறிட்டாங்க. தினமும் சாயங்காலம் மார்க்கெட்டுக்குப் போகும்போது கடையில் சூடா ஒரு டம்ளர் பாதாம் பால். ஒரு மாசம் ஆச்சு, வயிறு உப்பல் குறையவே இல்லை. போதாததற்குச் சர்க்கரை அளவு வேற ஏறிப்போச்சு. நான் ஒருநாள் கூடப் போய்ப் பார்த்தேன். பெரிய சட்டியில் கொதிக்கிறது அசல் பசும்பால். அதில் கொஞ்சம் பாதாம் பவுடர், மஞ்சள் நிறம், நிறைய சர்க்கரை. கடைக்காரர் மேல் தப்பே கிடையாது. நம்ம ஊரில் பாதாம் பால் என்றால் காலங்காலமாக அதுதானே! வீடியோவில் சொன்னது பாதாமை ஊறவைத்து, தண்ணீர் விட்டு அரைத்து வடிகட்டி அட்டைப்பெட்டியில் வருகிற பானம். பேர் ஒண்ணு, பொருள் வேற.

இந்தப் பெயர்க் குழப்பம் அத்தைக்கு மட்டும் வந்தது இல்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிப்படி, கறவை விலங்கின் மடியிலிருந்து கறப்பதுதான் பால். சோயா, பாதாம், ஓட்ஸ் பானங்களின் லேபிளில் 'பால்' என்று போடக்கூடாது என்று 2021-ல் ஆணையம் நடவடிக்கை எடுத்தது. தேங்காய்ப்பால் மாதிரி வழிவழியாக வழங்கும் பெயர்களுக்கு மட்டும் விலக்கு. அதனால்தான் இப்போது பல பெட்டிகளில் 'பானம்' என்றோ 'டிரிங்க்' என்றோ இருக்கிறது. பேச்சுக்கு வசதியாக இங்கே தாவரப் பால் என்றே சொல்லிக்கிறேன்.

தாவரப் பால் நமக்கு ஒண்ணும் புதுசு இல்லை. ஆப்பத்துக்குத் தேங்காய்ப்பால் ஊற்றிச் சாப்பிட்டவர்கள்தான் நாம். மதுரைத் தெருக்களில் சுக்கும் கருப்பட்டியும் போட்ட பருத்திப்பால் இன்றைக்கும் விற்கிறது. கைக்குழந்தைக்குக் கூழ் ஆரம்பிக்கும்போது கேழ்வரகை ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்துக் காய்ச்சிய பாட்டிகள் இந்தப் பக்கம் எத்தனை பேர்! ஆனா ஒண்ணு கவனிங்க. அந்தப் பாட்டிகள் யாரும் தேங்காய்ப்பாலைப் பசும்பாலுக்குப் பதில் என்று நினைக்கவில்லை. அது அது அதனதன் இடத்தில் இருந்தது. 'பதில்' என்கிற எண்ணம் அட்டைப்பெட்டியோடு வந்தது.

பதிலாக முடியுமா என்று பார்க்கப் பெட்டியைத் திருப்புங்க. முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம்தான் விஷயம். 200 மில்லி டம்ளர் ஒண்ணை அளவா வச்சுக்குவோம். பசும்பாலில் சுமார் 6 கிராம் புரதம், 240 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம். எருமைப்பாலில் இரண்டுமே இன்னும் கூடுதல். சர்க்கரை சேர்க்காத சோயா பானம் புரதத்தில் பசும்பாலுக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஓட்ஸில் 2 கிராம் கிடைத்தால் பெரிசு. பாதாம் பானத்தில் ஏறக்குறைய 1 கிராம்தான். பாதாமில் நல்ல புரதம் இருக்கே என்று கேட்பீங்க. இருக்கு, பாதாமில் இருக்கு. பெட்டியில் பாதாம் எவ்வளவு இருக்கு என்பதுதான் கேள்வி. லேபிளில் எடை அதிகமான பொருளை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. எடுத்துப் பாருங்க, முதல் வார்த்தை தண்ணீர். பாதாம் எத்தனை சதவீதம் என்று பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கும். அதைப் படிச்சிட்டு விலையைப் பாருங்க.

கால்சியம் வேற கதை. தாவரப் பாலில் அது இயற்கையாக ரொம்பக் குறைவு, கம்பெனிதான் சேர்க்கணும். சேர்த்திருந்தால் லேபிளில் இருக்கும். அப்படிச் சேர்த்த கால்சியம் அடியில் படியும். குலுக்காமல் ஊற்றினால் சத்து பெட்டியிலேயே தங்கிவிடும். வைட்டமின் பி12 எந்தத் தாவரத்திலும் நம்பும்படி கிடையாது. முட்டை, மீன், கறி சாப்பிடாத வீட்டில் பி12 வருகிற ஒரே வழி பாலும் தயிரும் மோரும்தான். அந்த வீட்டில் பாலையும் நிறுத்தினால் பி12 சேர்த்த உணவோ, டாக்டர் சொல்கிற மாத்திரையோ கட்டாயம் வேணும். பி12 குறைபாடு மெதுவாக வரும். கால் மரத்துப்போவது, மறதி, அசதி என்று வரும். வயசாயிடுச்சு என்று விட்டுவிடுவோம்.

இப்ப நான் பேச வந்ததிலேயே முக்கியமானது. கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு அக்கா கேட்டாங்க: "தம்பி, என் பொண்ணுக்கு ஒன்றரை வயசு. பாலில் ஊசி மருந்து கலந்து வருதுன்னு சொல்றாங்க. ஓட்ஸ் பாலுக்கு மாத்திடலாமா?"

அக்கா, மாத்தாதீங்க. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். அதற்கப்புறம் வீட்டு உணவு, கூடவே இரண்டு வயசு வரைக்கும், முடிந்தால் அதற்கு மேலும் தாய்ப்பால். ஒரு வயசுக்குள் பசும்பாலையே முக்கிய உணவாகக் கொடுக்கக்கூடாது என்கிறார்கள். அப்படியிருக்க, தாவரப் பாலை அந்த இடத்தில் வைக்கவே முடியாது. ஒரு வயசு தாண்டிய குழந்தைக்கும் ஓட்ஸ், பாதாம், அரிசி பானங்கள் பாலுக்கு ஈடு ஆகாது. இது வெறும் எச்சரிக்கை இல்லை, நடந்திருக்கு. 2001-ல் 'பீடியாட்ரிக்ஸ்' என்கிற அமெரிக்க மருத்துவ இதழில் ஒரு பதிவு வந்தது. அட்லாண்டாவில் இரண்டு வயசுகூட நிரம்பாத ஒரு குழந்தை. பால் ஒத்துக்கலை என்று பெற்றோர் அரிசி பானத்துக்கு மாற்றியிருக்காங்க. கடைசியில் புரதக் குறைவால் உடம்பு வீங்கி ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கு. பஞ்ச காலத்துப் புகைப்படங்களில் நாம் பார்க்கிற அதே நோய். வசதியான நாடு, அக்கறையான பெற்றோர். ஏமாற்றியது அந்த வெள்ளை நிறம்தான்.

பாலில் கலப்படம் என்று சந்தேகமா? அதற்குப் பாலை மாற்றுவது வழி இல்லை, புகார் கொடுப்பதுதான் வழி. தமிழ்நாடு உணவு பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. பாக்கெட்டின் படம், 14 இலக்க உரிம எண், வாங்கிய இடம், தேதி, இவ்வளவையும் சேர்த்து அனுப்புங்க. வெறும் "பால் சரியில்லை" என்று அனுப்பினால் எந்த அலுவலரும் எங்கே போய்த் தேடுவார்?

சரி, அத்தை மாதிரி பால் ஒத்துக்காதவங்க என்ன செய்வது? இதில் இரண்டு வகை இருக்கு. ஒன்று ஒவ்வாமை. பாலின் புரதத்தை உடம்பே எதிரியாக நினைக்கிறது. தடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல் வரும். இவங்க தயிர், மோர், நெய் பற்றிக்கூட டாக்டரைக் கேட்டுத்தான் முடிவு செய்யணும். மற்றது லாக்டோஸ் செரியாமை. பாலில் இருக்கிற சர்க்கரை லாக்டோஸ். அதைச் செரிக்கிற நொதி சின்ன வயசுக்கப்புறம் பலருக்குக் குறையும். வட இந்தியாவைவிட நம்ம தென்னிந்தியாவில் இது அதிகம். உப்பசம், வயிற்றுப்போக்கு வரும், ஆனா ஆபத்து இல்லை. இவங்களில் நிறைய பேருக்கு ஒரு டம்ளர் பாலைச் சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் ஒன்றும் செய்யாது. வெறும் வயிற்றில் குடிக்கிறதுதான் வினை. தயிரில் நுண்ணுயிர்கள் லாக்டோஸில் ஒரு பகுதியை முன்னாடியே தின்றுவிடுவதால் அது இன்னும் லேசு. அத்தைக்கு டாக்டர் சொன்னதும் இதுதான்: தயிர் சாப்பிடுங்க, மோர் குடிங்க, கடை பாதாம் பாலை விடுங்க.

அதுக்கும் மேல தாவரப் பால் வேணும்னா, காசு பேசணும். ஆவின் நீலப் பாக்கெட், 3 சதவீதம் கொழுப்பு, லிட்டர் 40 ரூபாய். பாதாம், ஓட்ஸ் பானங்கள் பெரும்பாலும் லிட்டர் 200 ரூபாய்க்கு மேல். 2025 செப்டம்பர் 22 முதல் தாவரப் பால் பானங்களுக்கு ஜிஎஸ்டி 18-லிருந்து 5 சதவீதமாகவும், சோயா பானத்துக்கு 12-லிருந்து 5 சதவீதமாகவும் குறைந்திருக்கு. வாங்கும்போது பில்லில் வரி எவ்வளவு போட்டிருக்காங்கன்னு பாருங்க. அதிகம் போட்டிருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வரி குறைந்தும் நாலு பேர் வீட்டுக்குக் கட்டுப்படி ஆகுமா? ஆகாது என்றுதான் நினைக்கிறேன். நல்லவேளை, பாலில் இருப்பதைப் பெட்டியில்தான் தேடணும் என்று இல்லை. நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கு. முருங்கைக்கீரையில் 300-க்கு மேல். தோல் நீக்காத எள்ளில் அதைவிடப் பல மடங்கு. வளர்ந்த ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 1,000 மில்லிகிராம். கேழ்வரகு அடையில் முருங்கைக்கீரை போட்டு, தொட்டுக்க எள்ளுப் பொடி வைத்தால் கணக்கில் பாதி வந்தாச்சு. புரதத்துக்கு நம்மைச் சுற்றியே பயிர் இருக்கு. பக்கத்தில் விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட நிலக்கடலை ரகங்கள் தமிழ்நாடு பூராவும் தெரிந்தவை. இந்தப் பக்கம் பண்ருட்டி முந்திரி.

வீட்டிலேயே செய்யலாம். ஒரு கைப்பிடி நிலக்கடலையை ராத்திரி ஊறவைங்க. காலையில் தோல் நீக்கி, இரண்டு டம்ளர் தண்ணீர் விட்டு அரைத்து, வடிகட்டி, அடிபிடிக்காமல் காய்ச்சுங்க. பச்சை வாசனை போகும் வரை காய்ச்சணும். பூஞ்சை பிடித்த, கறுத்த கடலை ஒன்றுகூட உள்ளே போகக்கூடாது, அந்த நஞ்சு கொதித்தாலும் போகாது. முந்திரி என்றால் பத்து பருப்பு போதும், வடிகட்டவே வேண்டாம். அன்றைக்குச் செய்ததை அன்றைக்கே குடிச்சிடுங்க. கடலை ஒவ்வாமை உள்ளவங்க இந்தப் பக்கமே வராதீங்க. வீட்டுப் பாலில் யாரும் கால்சியம் சேர்ப்பதில்லை என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

உடம்புக்காக இல்லாமல், மாட்டுக்காகவோ பூமிக்காகவோ பாலை விடுகிறவர்களும் இருக்காங்க. வள்ளலார் இருந்த வடலூர் பக்கத்தில் நின்று ஜீவகாருண்யத்தைக் குறைத்துப் பேச மாட்டேன். 2018-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஒரு பெரிய ஆய்வில், உலக சராசரியில் ஒரு லிட்டர் பசும்பாலுக்கு 3 கிலோவுக்கு மேல் பசுமைக்குடில் வாயு வெளியாகிறது, தாவரப் பால்களுக்கு ஒரு கிலோ சுமார் என்று கணக்கு வந்தது. ஆனால் அது உலக சராசரி. வைக்கோலும் கடலைக்கொடியும் தின்று வளர்கிற நம்ம ஊர் மாட்டுக்கு அதே கணக்கா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. பழுப்பு நிலக்கரி ஊரில் நின்றுகொண்டு பசுமாட்டின் ஏப்பத்தைக் குற்றம் சொல்லவும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கு. சுற்றுக் கிராமங்களில் நிலம் குறைந்த வீட்டில்கூட ஒரு கறவை மாடு நிற்கிறது. காலையில் சொசைட்டிக்கு ஊற்றுகிற ஐந்து லிட்டர்தான் அந்த வீட்டின் மளிகைக் கணக்கு. அதையும் இந்தத் தராசில் வைக்கணும். அதற்கப்புறமும் ஒருத்தர் மனசாரப் பாலை விட்டால், சோயா எடுத்துக்கொள்ளட்டும். பி12 மட்டும் மறக்க வேண்டாம்.

கடைசி வரிசையில் ஒரு ஐயா ரொம்ப நேரமா கையைத் தூக்கிட்டு இருக்காங்க. சொல்லுங்க ஐயா... "எல்லாம் சரி தம்பி, காபிக்கு?"

காபி விஷயத்தில் நான் நடுநிலை இல்லை ஐயா. பாதாம் பானத்தைச் சுடச்சுட டிகாஷனில் ஊற்றினால் திரிந்து போகும். காபியின் புளிப்பும் சூடும் சேர்ந்து அதைப் பிரித்துவிடும். ஓட்ஸ் பானம் அவ்வளவு திரியாது. கொஞ்சம் சூடு பண்ணி மெதுவா ஊற்றணும். அதில் இயல்பாகவே இனிப்பு இருக்கும், சர்க்கரை நோய் உள்ளவங்க அதையும் கணக்கில் சேர்த்துக்குங்க. பால் ஒத்துக்கிறவங்களுக்கு என் ஓட்டு பாலுக்குத்தான். கொழுப்பு குறைக்கணும்னா ஆரஞ்சு பாக்கெட்டிலிருந்து நீலத்துக்கு வாங்க, 6 சதவீதம் பாதியாகிவிடும். அத்தை இப்பவும் காலையில் அரை டம்ளர் காபி குடிக்கிறாங்க, நீலப் பாக்கெட் பாலில், இட்லிக்கு அப்புறம்.