சாலையறிவு எவர் கைக்கு?

(வேங்கிக்காலில் ஆற்றப்பெற்ற உரை)



வேங்கிக்காலுக்கும் வேலூர்ச் சாலைக்கும் உள்ள உறவை இவ்வூரார்க்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவேந்தி வருவோர்க்கும், முழுநிலா நாளில் மலைவலத்துக்கு வந்து குவிவோர்க்கும் அதுவே வழி. அச்சாலையை இட்டவரும், அதில் விழும் பள்ளத்தை அடைப்பவரும் தம் தொழிலறிவை எம்மொழியில் பெறுகின்றனர்? இதனை எண்ணிப் பார்த்தவர் மிகச் சிலரே.

அண்டையில் உள்ள தருமபுரிப் பகுதியில் அதியமான் பெருவழிக் கற்கள் கண்டெடுக்கப்பெற்றன. ஏறத்தாழ 13-ஆம் நூற்றாண்டைச் சார்ந்தவை அவை. அவற்றுள் ஒன்று 29 காதத் தொலைவைத் தமிழெழுத்தால் சொல்கிறது; தமிழ் எண்ணாலும் சொல்கிறது; அவற்றோடு நில்லாமல் பெரிய குழி இரண்டும் சிறிய குழி ஒன்பதும் குடைந்து காட்டுகிறது. பெருங்குழி ஒன்று பத்து. சிறுகுழி ஒன்று ஒன்று. எழுத்தறியா வண்டிக்காரனும் விரல்வைத்து எண்ணித் தொலைவறியலாம்! சாலையைப் பற்றிய அறிவு சாலையில் நடப்பவன் கைக்கே எட்ட வேண்டும் என்று கருதியவன் அக்கல்லை நட்டவன்.

இன்றைய நிலை என்ன? 1927-இல் அமர்த்தப்பெற்ற செயகர் குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து, 1934-இல் இந்தியச் சாலைப் பேராயம் தோன்றியது. பொறியாளர் தம் பட்டறிவைப் பகிர்ந்துகொள்ளவே அது தோன்றியது. உலகச் சாலைக் கழகமோ அதற்கும் முன்னதாக, 1909-இலேயே தோன்றிவிட்டது. இப்பொழுது இணையமும் வந்துவிட்டது. ஒரு பாலத்தில் வெடிப்புக் கண்ட பொறியாளர் மாலையில் வினவினால், கடல்கடந்த ஒருவர் மறுநாட் காலைக்குள் விடை எழுதுகிறார். இது போற்றத்தக்கதே; இதில் எவர்க்கும் மாறுபாடில்லை. ஆனால் பேராயத்தின் நெறிநூல்களும் ஆங்கிலம். அவற்றைப் பற்றிய உரையாடலும் ஆங்கிலம். சாலைப் பணியாளரும், கலவை ஆலையில் வெப்பத்தின்முன் நிற்பவரும் அவ்வட்டத்துக்கு வெளியே நிற்கின்றனர்.

இதனால் என்ன கேடு என்பார்க்கு ஒரு சான்று. மதுரைத் தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன், கழிவு நெகிழியைக் கொண்டு சாலையிடும் முறையைக் கண்டார். 2002-இல் அக்கல்லூரி வளாகத்திலேயே அத்தகைய சாலை போடப்பெற்றது. நெகிழியைத் துண்டு துண்டாக நறுக்கி, ஏறத்தாழ 160 முதல் 170 பாகை வரை சூடேற்றிய சல்லியின்மேல் தூவினால், அஃது உருகிக் கல்லின்மேல் மெல்லிய போர்வையாகப் படியும். அதன்மேற் கீல் நன்கு பற்றும். நீர் எளிதிற் புகாது. 2013-இல் பேராயம் இதற்கென நெறிநூல் வெளியிட்டது. 2018-இல் பேராசிரியர்க்கு நடுவணரசின் தாமரைத்திரு விருதும் கிடைத்தது. தமிழ்நாட்டிற் பிறந்த அறிவு, ஆங்கிலத்தில் எழுதப்பெற்று இந்தியா முழுவதும் சென்றது. சரி, தமிழ்நாட்டுக் கலவை ஆலைக்கு அது தமிழிலன்றோ வந்திருத்தல் வேண்டும்?

பி.வி.சி. என்னும் நெகிழி வகையை இக்கலவையில் சேர்த்தலாகாது. சூட்டில் அது சிதைந்து, கண்ணையும் மூச்சுக்குழலையும் அரிக்கும் நச்சுவளியைக் கக்கும். இவ்விலக்கை அறிய வேண்டியவர் எவர்? நகரத்து அறையில் கணினிமுன் அமர்ந்திருப்பவரா? கழிவைக் கையாற் பிரித்தெடுக்கும் பெண்ணும், கொப்பரையருகே நிற்கும் தொழிலாளியும் அல்லரோ! அவர்கள் உயிர்மூச்சைக் காக்கும் சொல், அவர்கள் அறியா மொழியில் உறங்குகிறது.

பள்ளம் அடைப்பதும் இத்தகையதே. பள்ளத்தின் விளிம்பை நேராக வெட்டி, தூசும் நீரும் போக்கி, கீல் பூசி, கலவை நிரப்பி, உருளையால் இறுக்க வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினாலும், அடைத்தது அடுத்த மழையிலேயே பெயர்ந்து போகும். ஏன் பெயர்ந்தது என்று அடைத்தவர்க்கு எவரும் விளக்குவதில்லை. பழி மட்டும் அவர் தலையில்!

2023-இல் தமிழக நெடுஞ்சாலைத் துறை 'நம்ம சாலை' என்னும் கைப்பேசிச் செயலியைத் தந்தது. பள்ளத்தைப் படமெடுத்து அனுப்பலாம். நன்று. குறை கூறும் வாய்க்குத் தமிழ். அறிவு கொள்ளும் செவிக்கு மட்டும் ஆங்கிலமா?

சொல்லில்லை என்பர் சிலர். சல்லி, கப்பி, சரளை, வாட்டம், வடிகால், மதகு, சிறுபாலம், தரைப்பாலம்: இவையெல்லாம் எவர் மொழி? கொத்தனும் சாலைத் தொழிலாளியும் நாள்தோறும் வழங்கும் சொற்கள் பொறியாளர் ஏட்டுக்கு மட்டும் ஆகாவோ? செருமானியர் 1924-இல் நிறுவிய சாலை ஆய்வுக் கழகம் தன் நெறிமுறைகளைச் செருமன் மொழியில் எழுதுகிறது. பிறர்க்கு வேண்டுவனவற்றைப் பின்னர் ஆங்கிலத்திற் பெயர்த்துத் தருகிறது. தமிழிலும் 2010 முதல் அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியல் கற்பிக்கப்பெறுகிறது. அவ்வாறு கற்று வந்த இளைஞர் பணியிற் சேர்ந்த அன்றே ஆங்கில நெறிநூலைக் கையிலேந்த வேண்டியுள்ளது.

நெறிநூல் அனைத்தையும் ஒரே நாளில் தமிழாக்குக என்பதன்று கோரிக்கை. முதற்கண், கலவை ஆலை ஒவ்வொன்றின் வாயிலிலும் பெரிய தமிழெழுத்தில் ஒரு பலகை வேண்டும்: எந்த நெகிழி சேர்க்கலாம், எது கூடாது, எத்தனை பாகைச் சூடு. அடுத்து, பள்ளம் அடைக்கும் முறையைப் படத்தோடு விளக்கும் ஒற்றைத்தாள் வேண்டும். அதை இணையத்திலும் ஏற்றிப் பணியாளர் கைப்பேசிக்கும் அனுப்புக. தமிழறிந்த பொறியாளர் இருவரும், பட்டறிவுடைய சாலைப் பணியாளர் ஒருவரும் கூடி அமர்ந்தால் ஒரு கிழமையில் முடியும் வேலை இது. அவ்விருவர் இக்கூட்டத்தில் இருப்பின், உரை முடிந்ததும் மேடையருகே வருக.