செங்கல்லும் ரப்பர் பேண்டும்

2021 நவம்பர் 29 அதிகாலை வேலூர் பக்கம் ஒரு சின்ன நிலநடுக்கம், ரிக்டர் அளவில் 3.6. நியூஸ் பார்த்துட்டு ஆரணியிலிருந்து அம்மா போன் பண்ணாங்க. "ஏன்டா, நம்ம வீடு தாங்குமா?" எங்களது பழைய தறி வீடு. மண் சாந்து வெச்சுக் கட்டின சுவர், உள்ளே தறிக்குழி. அதுமேல ஒரு மாடி எழுப்பணும்னு அப்பாவுக்கு ஆசை.

அம்மாவுக்குப் பதில் சொல்லத்தான் நான் இதைப் படிக்க ஆரம்பிச்சேன்.

நீங்களே செஞ்சு பாருங்க. ஒரு செங்கல்லில் ரப்பர் பேண்டை மாட்டி மெதுவா இழுங்க. ரப்பர் நீளும், கல் அசையாது. இன்னும் இழுத்தா, திடீர்னு ஒரு துள்ளு துள்ளி நிற்கும். 1966-ல் அமெரிக்காவில் பிரேஸ், பையர்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள், கருங்கல் துண்டுகளைப் பெரும் அழுத்தத்தில் வைத்து இதையேதான் பார்த்தாங்க. பாறை வழுக்கிக்கிட்டே போகலை. ஒட்டி நின்னு, சட்டுனு விட்டு, மறுபடி ஒட்டிக்கிச்சு. பூமிப் பிளவிலும் இதுதான் நடக்குதுன்னு சொன்னாங்க.

ரப்பர் நீள்வது நிலத்தின் உருமாற்றம். கல் துள்ளுவது அதிர்வு. பிளவை ஒட்டி இருக்கிற வீட்டுக்கு இரண்டு அடி: தரை ஆடும், ஒரு பக்கமா நகர்ந்து அங்கேயே நின்னும் போயிடலாம். தள்ளி இருக்கிற வீட்டுக்கு ஆட்டம் மட்டும்தான்.

மகாராஷ்டிராவின் கொய்னாவில் 1967 டிசம்பர் 11 அன்று 6.3 அளவில் நிலம் குலுங்குச்சு. அணையில் தண்ணீர் தேக்கினதுதான் அதைத் தூண்டிவிட்டதுன்னு பல ஆய்வாளர்கள் சொல்றாங்க. அந்தப் பிளவைப் பக்கத்திலிருந்தே பார்க்க, 2017-ல் அங்கே 3 கி.மீ. ஆழத்துக்குத் துளை போட்டாங்க.

இப்போ அந்தச் செங்கல்லைப் பத்துத் தடவை இழுங்க. ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் துள்ளாது. அதே கல், அதே தரை, அப்பவும் நேரம் சொல்ல முடியலை. ஆனா எது தாங்கும்னு சோதிக்கலாம். சென்னை தரமணி எஸ்.இ.ஆர்.சி. ஆய்வுக்கூடத்தில் அதிர்வு மேசைமேல கட்டட மாதிரிகளை ஏத்தி ஆட்டியே பார்க்கிறாங்க.

ஒரு இன்ஜினியரைக் கூட்டிப்போய் எங்க வீட்டைக் காட்டினேன். நாலு சுவரையும் சேர்த்துக் கட்டுற கான்கிரீட் பட்டை இல்லை, மாடி வேண்டாம்னார். அப்பா ஒரு வாரம் என்கிட்ட சரியா பேசலை. அப்புறம் அவரே கேட்டார்: "முதல்ல அந்தப் பட்டைக்கு எவ்வளவுடா ஆகும்?"

உங்க வீட்டில் அந்தப் பட்டை இருக்கா? பார்த்துட்டுச் சொல்லுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.