கத்தி பிடிக்கிற வேலையை பார்ட் டைம்ல படிக்க முடியுமா?

பார்ட் டைம் மாஸ்டர்ஸ்னு சொன்னா நம்ம ஐடி ஆளுங்களுக்கு விளக்கமே தேவையில்லை. ஆபீஸ் முடிஞ்சு வந்து லேப்டாப்பைத் திறக்கணும், ஞாயித்துக்கிழமை ராத்திரி அசைன்மென்ட் சப்மிட் பண்ணணும், ரெண்டு மூணு வருஷத்துல டிகிரி. ஆனால் எலும்பு முறிவு அறுவை சிகிச்சையில், டிராமா அண்ட் ஆர்த்தோபீடிக்ஸில், அப்படி ஒரு டிகிரி இருக்குன்னு சொன்னா நம்புவீங்களா? இருக்கு. எடின்பரோ பல்கலைக்கழகமும் அங்கே உள்ள ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸும் சேர்ந்து நடத்துறாங்க. பேர் சிஹெச்எம், அதாவது மாஸ்டர் ஆஃப் சர்ஜரி. 2 வருஷம், பகுதிநேரம், முழுக்க ஆன்லைன். அந்த ராயல் காலேஜ் 1505-லிருந்து இருக்கு. நேத்து முளைச்ச எட்டெக் கம்பெனி இல்ல.

எனக்கு இது எப்படித் தெரியும்னா, என் பெரியம்மா பையன் பிரிட்டன்ல ஆர்த்தோ டிரெய்னி. சேரலாமா வேண்டாமான்னு மூணு மாசமா எங்க குடும்ப வாட்ஸ்அப்பையே ஒரு வழி பண்ணிட்டார். அதனால நானும் உட்கார்ந்து படிச்சேன்.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். இந்த டிகிரி யாரையும் சர்ஜன் ஆக்காது. பிரிட்டனில் ஆர்த்தோ டிரெய்னிங் எஸ்டி3-ல் தொடங்கி எஸ்டி8 வரை போகும். ட்ரில் பிடிக்கிறது, பிளேட் வைக்கிறது, ராடு இறக்குறது எல்லாமே ஆபரேஷன் தியேட்டரில், சீனியர் பக்கத்துல நிக்கும்போது கத்துக்கிறதுதான். கடைசியில் எஃப்ஆர்சிஎஸ் தேர்வு. அதில் முதல் பகுதி கேள்வித்தாள். ரெண்டாவது பகுதியில் நோயாளியைப் பரிசோதிக்கணும், பரிசோதகர்கள் எதிரே உட்கார்ந்து வாய்மொழியாப் பதில் சொல்லணும். ஆன்லைன் படிப்பு இந்தப் பாதைக்குப் பக்கத்துல ஓடுற சர்வீஸ் ரோடு மாதிரி. அதை மட்டும் வச்சு அங்கே கன்சல்டன்ட் ஆக முடியாது. இங்கே எம்எஸ் ஆர்த்தோவுக்குப் பதிலாகவும் காட்ட முடியாது. நம்ம எம்எஸ் 3 வருஷம், முழுநேர ரெசிடென்ட்டா வேலை பார்த்தே தீரணும். பார்ட் டைம்ங்கிற பேச்சே கிடையாது.

அப்புறம் எதுக்கு இது? இதைத்தான் நான் அண்ணன்கிட்ட கேட்டேன். அவர் சொன்னது, "டேய், எப்படி வெட்டணும்னு தியேட்டர்ல கத்துக்கலாம். எப்போ வெட்டக்கூடாதுன்னு அங்க சொல்லித்தர யாருக்கும் நேரம் இல்லை."

இதுக்கு ரெண்டு உதாரணம் கொடுத்தார். மணிக்கட்டுக்கு மேலே எலும்பு உடையுறது ரொம்ப சாதாரணம். அதுக்கு ஸ்க்ரூ போட்ட லாக்கிங் பிளேட் வந்ததும் எல்லாரும் பிளேட்டுக்குப் போயிட்டாங்க. பார்க்க அழகா இருக்கும், எக்ஸ்ரே பிரமாதமா வரும். பிரிட்டனில் 461 பேரை வச்சு டிராஃப்ட்னு ஒரு ஆய்வு நடந்தது, 2014-ல் வெளிவந்தது. ஒரு பாதிப் பேருக்கு பிளேட், மறுபாதிக்கு கே-வயர், அதாவது தோல் வழியாச் செருகுற மெல்லிய கம்பி. ஒரு வருஷம் கழிச்சு கை வேலை செய்யுற விதத்தில் பெரிய வித்தியாசமே இல்லை. கம்பி விலை குறைவு.

அடுத்த வருஷம் இன்னொண்ணு, புரோஃபர். தோள்பட்டைக்குக் கீழே எலும்பு உடைஞ்சு விலகின 250 பேர். சிலருக்கு ஆபரேஷன், சிலருக்கு வெறும் தூக்குக்கட்டு. 2 வருஷம் கழிச்சும் ரெண்டு குழுவும் ஏறக்குறைய ஒண்ணாத்தான் இருந்தாங்க. நம்ம பாட்டி கீழே விழுந்து தோளை உடைச்சுக்கிட்டாங்கன்னு வைங்க. எதிரே இருக்கிற டாக்டர் இந்தக் கட்டுரையைப் படிச்சிருக்காரா இல்லையாங்கிறது, மயக்க மருந்தும் தையலும் ஆஸ்பத்திரி பில்லும் வேணுமா வேண்டாமாங்கிற கேள்வி. அதே சமயம் இந்த ஆய்வு எல்லா உடைப்புக்கும் பொருந்தாது. அந்த வரம்பு எங்கேன்னு கேஸ் கேஸா வாதாடுறதுக்குத்தான் ஆன்லைன் வகுப்பு சரிப்படும். வெவ்வேறு ஊர்ல டியூட்டி பார்க்கிறவங்க, அவங்கவங்க நேரத்துல வந்து ஒரே எக்ஸ்ரேவுக்குக் கீழே சண்டை போடலாம். கோட் ரிவ்யூ மாதிரின்னு வச்சுக்கோங்க.

படிப்பு தொடாத இடமும் இருக்கு. கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம்னு ஒண்ணு. முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைஞ்சவருக்கு உள்ளே தசையில் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் நின்னுடும். சில மணி நேரத்துல தசை செத்துடும். அறிகுறி என்னன்னு புத்தகத்துல ஒரே வரிதான்: அடிக்குப் பொருந்தாத வலி, கால் விரலை லேசா இழுத்தாலே அலறல். ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த அலறல் பயமா, வலியா, இல்ல இதுவான்னு கட்டிலுக்குப் பக்கத்துல நின்னுதான் தெரிஞ்சுக்கணும். தெரிஞ்சதும் காலைத் திறந்து அழுத்தத்தை விடுவிக்கணும். இதுக்கு எந்த ஃபோரமும் உதவாது.

ஒரு சின்ன கிளைக்கதை. சென்னையில் பழைய ஆர்த்தோ டாக்டர்கள் போர்டைப் பார்த்தா, எம்சிஹெச் ஆர்த்தோ போட்டு பக்கத்துல லிவர்பூல்னு இருக்கும். சின்ன வயசுல எனக்கு லிவர்பூல்னா ஃபுட்பால் இல்ல, எலும்பு டாக்டர்தான். அவங்க ஊரை விட்டுக் கிளம்பிப் போய், குளிர்ல தங்கிப் படிச்சாங்க. இப்போ டிகிரி வீட்டுக்கு வருது, சரி. ஆனா வீடுன்னு ஒண்ணு இருக்கே?

கணக்கு போட்டுப் பார்த்தோம். அங்கே ஒரு கிரெடிட்னா 10 மணி நேர உழைப்பு. வருஷத்துக்கு 60 கிரெடிட்னா 600 மணி நேரம். வாரத்துக்குச் சுமார் 12. சட்டப்படி சராசரியா வாரம் 48 மணி நேர வேலை, அதுல நைட் டியூட்டியும் உண்டு. வீட்டுல எட்டு மாசக் குழந்தை. அண்ணி மெட்டர்னிட்டி லீவ் முடிஞ்சு வேலைக்குத் திரும்பப் போறாங்க. ஸ்ப்ரெட்ஷீட்டை ஷேர் பண்ணினதும் அண்ணி ஒரு கமென்ட் போட்டாங்க: "இந்த 12 மணி நேரம் யாரோடது?"

அண்ணனோட பதில் நியாயமானதுதான். எஃப்ஆர்சிஎஸ்ஸுக்கு எப்படியும் படிக்கணும், இந்தக் கோர்ஸும் அதே பாடத்திட்டத்தை ஒட்டித்தான் போகுது, அதனால 12-ம் புது மணி நேரம் இல்லை. அண்ணி விடலை. தேர்வுக்குப் படிச்சா குழந்தைக்குக் காய்ச்சல் வர்ற அன்னிக்குப் புத்தகத்தை மூடி வைக்கலாம், கோர்ஸ்னா டெட்லைன் இருக்குன்னாங்க. என் ஓட்டு அண்ணிக்குத்தான்.

இந்த செப்டம்பர் இல்லை, அடுத்த செப்டம்பர்னு இப்போதைக்கு முடிவு. அதுவரைக்கும் வாரம் ஒரு ஆய்வுக் கட்டுரை, அதுவும் குழந்தை தூங்கினதுக்கு அப்புறம். வேலை பார்த்துக்கிட்டே மேல்படிப்பு படிக்கிற டாக்டர்கள், நர்ஸுகள், பிசியோக்கள் யாராவது கேட்டுக்கிட்டிருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. வீட்டுல இருக்கிறவங்களும் பேசினா இன்னும் சந்தோஷம்.