சிரிப்புக்குப் பின்னே செந்தமிழ்

(வேப்பனப்பள்ளியில் ஆற்றிய உரை)



தொலைக்காட்சி நகைச்சுவை தமிழைக் கெடுக்கிறது என்று நம்மவர் கடிந்துரைக்கின்றனர். மொழிக்கலப்பைப் பொறுத்தவரை அக்கடிதல் தகும். ஆயின் நகைச்சுவையையே பகையெனக் கொள்ளல் தகாது. மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலில் வைத்தவர் தொல்காப்பியர். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என அது பிறக்கும் களங்கள் நான்கையும் வகுத்தவரும் அவரே. சிரிக்கத் தெரியாத இனமன்று நம் இனம்!

1965-இல் வந்த ஏ.பி. நாகராசனின் ‘திருவிளையாடல்’ படத்தைத் தொலைக்காட்சியில் காணாதார் நம்மில் எத்துணைப் பேர்? தருமியாக நாகேசு புலம்புவதைச் சிறுவரும் நடித்துக் காட்டுவர். ஆனால் அப்பரிசுக்குரிய பாட்டு எது? குறுந்தொகையின் இரண்டாம் பாட்டு, பாடியவர் இறையனார். தலைவியின் கூந்தலினும் நறுமணமுள்ள மலரை நீ அறிவாயோ எனத் தும்பியை வினவும் அகப்பாட்டு அது.

2006-இல் வந்த ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’ பெயரிலேயே வேற்றுச்சொல் தாங்கிய படம். அதில் வடிவேலு ஏற்ற அரசன்முன் புலவர் ஒருவர் புகழ்வதுபோலப் பழித்துப் பாடுகிறார். பொருள் கேட்டால் வேறு பொருள் கூறித் தப்புகிறார். நாமும் வயிறு குலுங்கச் சிரிக்கிறோம்.

தோழர்களே, இக்கலையில் நம் ஔவையை வெல்வார் யார்? தகடூர் என்பது இன்றைய தருமபுரி. 2004 வரை இக்கிருட்டிணகிரிப் பகுதியும் தருமபுரி மாவட்டத்தோடு இருந்ததே. அத்தகடூர் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றார் ஔவையார். தொண்டைமான் தன் படைக்கொட்டிலைக் காட்டினான். உன் வேல்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசி அழகாக உள்ளன. எம் அரசன் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்றார். உன் படை போர்க்களம் காணாதது என்பதே பொருள்! புறநானூற்றின் 95ஆம் பாட்டு இது.

வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள். திரையில் வரும் புலவர் பரிசுக்குக் கையேந்துபவர். நாம் அவரைப் பார்த்துச் சிரிக்கிறோம். புறநானூற்றுப் புலவரோ அரசனை நேர்நின்று எள்ளிய தூதர்.

நம் ஊர் எல்லையூர். தெலுங்கும் கன்னடமும் இங்கு ஒலிக்கின்றன. அம்மொழிகள்மேல் நமக்குப் பகையில்லை. ஆனால் வேற்றுமொழி வழியே பயிலும் நம் பிள்ளைக்குத் தமிழ் பெரிதும் தொலைக்காட்சி வழியேதான் வருகிறது. புலவன் என்றால் கோமாளி என்று மட்டுமே அப்பிள்ளை அறிந்து வளர்ந்தால், இழப்பு யாருக்கு?

ஆகவே பெட்டியை உடைக்கச் சொல்லவில்லை. பிள்ளைகளோடு அமர்ந்து சிரியுங்கள். சிரிப்பு அடங்கியதும் ஐந்தடிக் குறுந்தொகைப் பாட்டையும் ஒன்பதடிப் புறப்பாட்டையும் படித்துக் காட்டுங்கள். பதினான்கு அடிகள்! நம் வீட்டில் நாமே கற்பிக்காத தமிழை வேறு எவர் வந்து கற்பிப்பார்?

வாழ்க தமிழ்!