சிறு டிராக்டரும் அதன் மாற்றுக் கருவிகளும்

(நம் சங்கத்தின் கள்ளக்குறிச்சிக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நம் சங்கக் கூட்டங்களில் கல்வி நிதியைப் பற்றியும் விவாகச் செலவுகளைப் பற்றியும் பேசுவோர் பலர் உளர். அவ்விஷயங்களில் என்னைக் காட்டிலும் தேர்ந்தவர்கள் இங்கே வீற்றிருக்கின்றபடியால், எனக்குத் தெரிந்த ஒரே தொழிலாகிய விவசாயத்தில், அதிலும் ஒரு சிறு பகுதியைப் பற்றி மட்டும் பேசத் தலைவரவர்களிடம் உத்தரவு கேட்டேன். சிறு டிராக்டரின் பின்னால் புல் வெட்டும் கருவியைக் கழற்றிவிட்டுக் குழி தோண்டும் கருவியை மாட்டுவது எப்படி என்பதே அவ்விஷயம். கேட்டவுடன் சிலர் புன்னகை செய்கிறீர்கள். இந்தக் கழற்றி மாட்டும் வேலையிலே சென்ற வருஷம் எங்கள் குடும்பத்தில் ஓர் உயிர் போய்விட இருந்தது. அதைப் பிற்பாடு சொல்கிறேன்.

2019-ஆம் வருஷம் நவம்பர் 26-ஆம் தேதி விழுப்புரத்தினின்றும் பிரிந்து தனி ஜில்லாவான நம் கள்ளக்குறிச்சி, மேற்கே கல்வராயன் மலையை முதுகாகச் சாய்த்துக்கொண்டு அமைந்தது. அம்மலையினின்று இறங்கும் கோமுகியும் மணிமுத்தாவும் பாயும் சமவெளியில் நெல்லும் கரும்பும் மக்காச்சோளமும் விளைகின்றன. கரும்புக்கென்று மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு ஆலைகள் ஏற்பட்டன. சின்னசேலம் பக்கம் மரவள்ளி. மலைமேல் வெள்ளிமலையைச் சுற்றிய சரிவுகளில் சாமை, தினை, மரவள்ளி. இவற்றையெல்லாம் நீங்கள் அறிவீர்கள். நிலம் மட்டும் பாட்டனார் காலத்தில் இருந்தபடி இல்லை. எட்டு ஏக்கர் நாலாகி, நாலு இரண்டாகி, இன்று அண்ணன் தம்பி ஒவ்வொருவருக்கும் ஒன்றரை ஏக்கர் என்று நிற்கிறது. அவ்வளவு சிறிய காட்டில் 45, 50 குதிரைச் சக்தியுள்ள பெரிய டிராக்டர் வரப்பை மிதிக்காமல் திரும்புவதற்கே இடமில்லை. வேலைக்கு ஆளோ, திருப்பூருக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறிவிட்டது. ஆகையால்தான் 15 முதல் 25 குதிரைச் சக்தி வரையிலான மினி டிராக்டர்கள் நம் ஊர்களுக்குள் நுழைந்தன. மஹிந்திரா யுவராஜ், வி.எஸ்.டி. சக்தி, குபோட்டா முதலிய பெயர்கள் இப்போது நம் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும்.

நிற்க. மினி டிராக்டர் வாங்கும் நம்மவர் பெரும்பாலோர் செய்யும் பிழை யாதெனில், டிராக்டரையே கருவி என்று எண்ணிவிடுவது. டிராக்டர் கருவியன்று, அது ஜோடி மாடு. நம் பாட்டனார் ஒரே ஜோடியைக் காலையில் ஏரில் பூட்டினார், மத்தியானம் பரம்பில் பூட்டினார், மறுநாள் வண்டியில் பூட்டிச் சந்தைக்குப் போனார், கோடையில் அதே ஜோடியைக் கவலை இறைக்கவும் பூட்டினார். நுகத்தடியின் அளவு ஒன்றாயிருந்தபடியால் மாற்றிப் பூட்டுவது ஒரு நிமிஷ வேலை. டிராக்டருக்கு அந்த நுகத்தடியைக் கண்டுபிடிப்பதற்கு ஒருவருடைய ஆயுளில் பெரும்பகுதி செலவாயிற்று.

அவர் ஹாரி பெர்குசன் என்பவர். 1884-இல் அயர்லாந்து தேசத்தில் ஒரு விவசாயக் குடும்பத்திலே பிறந்தவர். முதல் மகாயுத்த காலத்தில் உணவு உற்பத்தியைப் பெருக்கும்பொருட்டு டிராக்டர்களைச் சோதிக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. அக்காலத்துக் கலப்பைகள் டிராக்டரின் பின்னால் சங்கிலியால் இழுக்கப்பட்டன. கலப்பை ஒரு கல்லிலோ வேரிலோ மாட்டிக்கொண்டால், சக்கரம் நிற்காமல், டிராக்டரின் முன்பாகம் குதிரை போல் மேலெழும்பி ஓட்டுபவன்மேல் கவிழும். பல பேர் இவ்விதம் மாண்டனர். பெர்குசன் கீழே இரண்டு தண்டுகளும் மேலே ஒரு தண்டுமாக மூன்று இடங்களில் கருவியைப் பிணைத்து, எண்ணெய் அழுத்தத்தால் அதைத் தூக்கவும் இறக்கவும் வழி செய்தார். கலப்பை எதிலாவது மோதினால், அந்த விசை மேல் தண்டின் வழியாக டிராக்டரின் முன்சக்கரத்தை மண்ணிலே அழுத்தும், கவிழ்க்காது. 1938-இல் ஹென்றி போர்டு துரையோடு எழுத்துப் பத்திரம் ஏதுமின்றிக் கைகுலுக்கி ஒப்பந்தம் செய்துகொண்டார். 1939-இல் அந்த டிராக்டர் வெளிவந்தது. பிற்காலத்தில் அவ்விருவர் கம்பெனிகளும் கோர்ட்டுக்குப் போயின. பத்திரம் எழுதாமல் பாகம் பிரித்துக்கொண்ட நம்மவர் பலருடைய கதையும் அதுவே. 1953-இல் பெர்குசனுடைய கம்பெனி மாசே கம்பெனியோடு சேர்ந்தது. 1960-இல் சென்னையில் ஏற்பட்ட டாபே கம்பெனியார் செய்து நம் ரோடுகளில் ஓடவிட்ட சிவப்பு டிராக்டரின் பெயரில் அவர் பெயரும் சேர்ந்திருப்பதை வாசித்திருப்பீர்கள்.

இனிப் புல் வெட்டும் விஷயம். இதில் இரண்டு வேலைகள் உண்டு. இரண்டுக்கும் ஒரே கருவி உதவாது. மாந்தோப்பிலும் தென்னந்தோப்பிலும் முளைக்கும் களையை வெட்டிச் சிதறடிப்பது ஒன்று. இதற்கு அடியில் கத்திகள் சுழலும் ஸ்லாஷர் போதும். முக்கியமாகப் பார்த்தீனியம் என்னும் விஷக்களையை, பூ எடுக்கும் முன் வெட்ட வேண்டும். விதை விழுந்தபின் வெட்டுவது அதை விதைப்பதாகும். மற்றொன்று, மாட்டுக்குத் தீவனம் அறுப்பது. கோயமுத்தூர் விவசாயக் கலாசாலையார் வெளியிட்ட கோ-4 முதலிய கம்பு நேப்பியர் புல்லை ஸ்லாஷரால் வெட்டினால், மண்ணோடு கலந்து துண்டு துண்டாகச் சிதறும். மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். அதற்கு நாவிதர் கத்தரி போல் பற்கள் குறுக்கே ஓடும் அறுப்புக் கருவி வேண்டும். அது தண்டை முழுசாகப் படுக்க வைக்கும். தாய்மார்கள் கட்டுக் கட்டுவது சுலபம். என் வீட்டில் முதலில் வாங்கியது ஸ்லாஷர். நாலு கறவை மாடு வைத்துக்கொண்டு ஸ்லாஷர் வாங்கிய என் புத்தியை என் மனைவி இன்றளவும் விருந்தாளிகளுக்கு எடுத்துச் சொல்லி வருகிறாள்.

குழி தோண்டுவதிலும் இவ்வாறே. திருகாணி போன்ற பெரிய உளியைச் சுழற்றிக் குழி எடுக்கும் கருவி வேலிக்கால் நடுவதற்கும் வாழைக்கும் மிகச் சிறந்தது. வாழைக்கு ஒன்றரை அடிக் குழி. நாலு ஆள் ஒரு நாள் வெட்டுவதை ஒரு காலையில் முடித்துவிடும். தென்னைக்கு மூன்றடிக்கு மூன்றடி சதுரக் குழி வேண்டும். அதை இக்கருவியால் எடுக்க முயல்வது கரண்டியால் கிணறு வெட்டுவதாகும். கல்வராயன் அடிவாரத்துச் சரளை மண்ணில் இன்னொரு தொல்லை. உளி ஒரே மூச்சாகக் கீழே இறங்கினால், கல்லிடுக்கில் திருகாணி போல் இறங்கி மாட்டிக்கொள்ளும். பின்பக்கமாகச் சுழற்ற அனேக டிராக்டர்களில் வழியில்லை. அரையடி இறக்கி, மேலே தூக்கி மண்ணை உதறி, மறுபடி அரையடி இறக்குவதே முறை. அப்படியும் மாட்டிக்கொண்டால், எஞ்சினை நிறுத்திவிட்டுக் குழாய்ப் பிடியால் கையாலேயே பின்னுக்குத் திருப்ப வேண்டும். ஹைட்ராலிக்கால் இழுத்துப் பார்த்தால் கம்பி வளையும். கல்லில் அடிபட்டால் தானே முறியும்படி ஒரு மெல்லிய போல்ட்டு அதில் வைத்திருப்பார்கள். அது அடிக்கடி முறிகிறதென்று அதற்குப் பதிலாக உறுதியான போல்ட்டைப் போடுவது நம்மவர் வழக்கம். அதன்பின் முறிவது கியர் பெட்டி.

மரவள்ளிக் கிழங்கு பிடுங்குவதற்கும் நிலக்கடலைக்கும் டிராக்டரில் மாட்டும் தனிக் கருவிகள் இருக்கின்றன. மரவள்ளி சாகுபடியைப் பற்றிச் சந்தேகம் உள்ளவர்கள், ஆத்தூருக்கு அப்பால் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒரு நடை போய் வரலாம், நமக்குச் சமீபம். வாய்க்கால் வெட்டும் பெரிய கை போன்ற கருவியை மினி டிராக்டரில் மாட்ட வேண்டுமென்று சில வாலிபர்கள் கேட்கிறார்கள். அதற்குத் தனிச் சட்டம் வேண்டும். மூன்று தண்டுகளை மட்டும் நம்பி மாட்டினால் அவை முறுக்கிக்கொள்ளும். வருஷத்தில் இரண்டு நாள் வேலைக்கு ஜேசிபியை வாடகைக்குக் கூப்பிடுவதே மலிவு.

மாட்டும் முறைக்கு வருகிறேன். முதலாவது, கழற்றும் கருவியைச் சமமான தரையில், முட்டுக் கொடுத்து, முழுதும் இறக்கிவிட வேண்டும். தூக்கிய நிலையில் ஒருவரும் அதன் அடியில் போகலாகாது. எண்ணெய்க் குழாய்க்கு விசுவாசம் கிடையாது. புதுக் கருவிக்கு டிராக்டரை நேராகப் பின்னுக்குக் கொண்டுவந்து, முதலில் இடது கீழ்த் தண்டை மாட்டுங்கள். பெரும்பாலும் வலது தண்டில்தான் உயரம் திருத்தும் கைப்பிடி இருக்கிறது. ஆகையால் அதை இரண்டாவதாகத் திருத்தி மாட்டலாம். மேல் தண்டாகிய டாப் லிங்க் கடைசி. கழற்றும்போது இந்த வரிசை தலைகீழ். ஓட்டுபவனும் மாட்டுபவனும் வேறு வேறு ஆளாயிருந்தால், மாட்டுபவன் இரண்டுக்கும் நடுவில் நிற்கும்போது டிராக்டர் ஓர் அங்குலமும் நகரக் கூடாது. பின்களின் அளவையும் பார்க்க வேண்டும். மினி டிராக்டர்களின் முதல் வகை இணைப்பில் கீழ்ப் பின் 22 மில்லிமீட்டர், மேல் பின் 19. பெரிய டிராக்டருக்குரிய இரண்டாம் வகையில் 28-ம் 25-ம். பெரியப்பா வீட்டுப் பெரிய டிராக்டரின் கருவியை இரவல் வாங்கி வந்து, பொருந்தவில்லையென்று கம்பியைச் செருகி ஓட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்று தண்டுகளை மாட்டியபின் நாலாவதாக மாட்டுவதுதான் பி.டி.ஓ. ஷாப்ட். எஞ்சினின் சுழற்சியைக் கருவிக்குக் கொண்டு போகும் தண்டு இது. நிமிஷத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு ஒன்பது. இரண்டங்குலக் கனமுள்ள அந்தக் குழாயில் துணி மாட்டினால் ஒரே நொடியில் ஏறக்குறைய மூன்று முழம் சுற்றிக்கொள்ளும். நம் தோளில் கிடக்கும் துண்டின் நீளம் என்ன என்று ஒவ்வொருவரும் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

சென்ற வருஷம் ஐப்பசியில், மழைக்கு முன் வாழை வைக்கக் குழி எடுக்க வேண்டுமென்று, காலையில் தோப்பில் ஓடிய ஸ்லாஷரைக் கழற்றிவிட்டுக் குழிக் கருவியை மாட்டினோம். ஷாப்ட்டின் மேலே மூடியிருக்க வேண்டிய பிளாஸ்டிக் உறை எங்களிடம் இல்லை. முந்தின மாதம் பழுது பார்த்த பட்டறையில், கிரீஸ் அடிக்க இடைஞ்சல் என்று கழற்றிப் போட்டுவிட்டார்கள். நானும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். குற்றத்தில் பாதி என்னுடையது. என் தம்பி மகன், பத்தொன்பது வயதுப் பிள்ளை, பூட்டுப் பின் சரியாக விழுந்ததா என்று குனிந்து பார்த்தான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, சுழற்சியையும் யாரோ போட்டுவிட்டார்கள். யார் என்று இன்றுவரை எங்கள் வீட்டில் தீர்மானமாகவில்லை, நானாகவே இருக்கலாம். அவன் கழுத்தைச் சுற்றியிருந்த துண்டின் முனையை ஷாப்ட் பிடித்தது. சத்தம்கூட வரவில்லை. அவன் தலை மட்டும் கீழே போனதைக் கண்டேன். அது அவனுடைய பாட்டனாரின் பழந்துண்டு. நைந்து இருந்தபடியால் நடுவில் கிழிந்தது. புதுத் துண்டாயிருந்தால் இன்று நான் இந்த மேடையில் நின்றிருக்க மாட்டேன். கழுத்தில் ஒரு சிவந்த தடத்தோடு எழுந்து உட்கார்ந்து, அவன் முதலில் கேட்டது, "பெரியப்பா, வண்டி நின்னுதா?" என்பதே.

அன்றுமுதல் எங்கள் வீட்டில், கருவி மாற்றுபவன் சாவியை எடுத்துத் தன் மடியில் செருகிக்கொண்ட பிறகே குனிய வேண்டும் என்பது விதி. துண்டு, தொங்கும் வேஷ்டி முனை, பின்னல், முந்தானை எதுவும் அந்த இடத்துக்கு வரலாகாது. உறை புதிதாக வாங்கிப் போட்டோம். ஒவ்வொரு கருவிக்கும் தனி ஷாப்ட்டு வைத்து, அடையாளத்துக்கு வெவ்வேறு வர்ணம் பூசினோம். ஒன்றுக்கு அளவெடுத்த ஷாப்ட்டை மற்றொன்றில் போட்டால், நீளம் அதிகமாயின் கருவியைத் தூக்கும்போது கியர் பெட்டியைக் குத்தி உடைக்கும். குறைவாயின் ஓட்டத்திலேயே பிரிந்து சாட்டையாக அடிக்கும்.

மலைச் சரிவில் ஓட்டும் சகோதரர்களுக்கு இரண்டு வார்த்தை. மினி டிராக்டர் இலேசானது. பின்னால் கனமான கருவியைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினால் முன்சக்கரம் மண்ணை விடும், ஸ்டீயரிங் பேசாது. முன்னால் எடைக்கட்டிகளை மாட்டுங்கள். கருவியைத் தரைக்குச் சற்று மேலே மட்டும் தூக்கி, செங்குத்தான இடத்தில் பின்பக்கமாகவே ஏறுங்கள். இறங்கும்போது நியூட்ரலில் விடாதீர்கள். சரிவின் குறுக்கே புல் வெட்டுவதைக் காட்டிலும் அரிவாள் உத்தமம்.

கடைசியாகப் பணம். என் ஸ்லாஷர் வருஷத்தில் எட்டு நாள், குழிக் கருவி நாலு நாள் ஓடுகிறது. மீதி நாள் மழையில் துருப்பிடிக்கின்றன. பக்கத்துத் தோட்டத்துக்காரரிடமும் அதே இரண்டு கருவிகள், அதே துரு. 2014-இல் தொடங்கிய மத்திய சர்க்கார் யந்திரத் திட்டத்தில் சிறு விவசாயிகளுக்கும் ஸ்திரீகளுக்கும் பாதி விலை வரையும், மற்றவர்க்கு நூற்றுக்கு நாற்பது வரையும் மானியம் என்று விதி. ஆனால் சிட்டா கேட்பார்கள். 1976-இல்தான் ஜாகீர் முறை நீங்கிய மலையில், அந்தக் காகிதம் கைக்கு வராத குடும்பங்கள் பல. அவர்களுக்கு வேளாண்மைப் பொறியியல் இலாகாவின் வாடகை யந்திரம் ஒரு வழி. செல்போனில் உழவன் செயலி மூலம் கேட்கலாம். மற்றொரு வழி நம் கையில் இருக்கிறது. முதல் வகை இணைப்புள்ள ஒரு ஸ்லாஷர், ஓர் அறுப்புக் கருவி, ஒரு குழிக் கருவி, ஒரு கிழங்குக் கருவி ஆகிய நான்கையும், உறையோடு கூடிய ஷாப்ட்டுகளுடன், சங்கத்தின் பேரில் வாங்கிப் பொதுக்கொட்டகையில் வைக்கலாம். இரவல் வாங்குவோர் யாராயிருப்பினும், அக்கம்பக்கத்து எந்த ஜாதியாராயிருப்பினும், ஒரே வாடகை. மாற்றி மாட்டத் தெரியும் என்று ஒரு முறை செய்து காட்டியவர்க்கே கருவி தரப்பட வேண்டும். என் பங்காக என்னிடமுள்ள இரண்டையும் கொடுக்கிறேன். குழிக் கருவியில் சற்றே துரு இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். மாட்டிக் காட்டுவதற்கு என் தம்பி மகன் வருவான். துண்டில்லாமல் வருவான்.