வல்லை வெளியில் ஓர் ஆடிக் காலை

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஆடி, ஆவணி விடுமுறைக்கு ஊருக்கு வருபவர்கள் எங்களிடம் வழமையாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பூநாரை பார்க்க எங்கே போகலாம்?" பூநாரைகளின் காலம் மாரி. புரட்டாதி, ஐப்பசியில் வடக்கிலிருந்து வந்து சேரும் வாத்துகளும் உள்ளான்களும் சித்திரையளவில் பெரும்பாலும் திரும்பிவிடும். ஆகவே கோடையில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்பது பலரின் எண்ணம். அது சரிதானா என்று அறிய, பழைய மாணவிகள் ஒன்பது பேர் சென்ற ஆடியில் ஒரு ஞாயிறு காலை நெல்லியடிப் பக்கமிருந்து வல்லை வெளிக்குப் போனோம். இரண்டு பைனாகுலர், ஒரு கொப்பி, ஒரு பிளாஸ்க் தேநீர். பாதி தூரம் நடை, பாதி தூரம் ஓட்டோ. அன்று கண்டதைச் சொல்லவே இங்கே நிற்கிறோம்.

புறப்பட்டது காலை 5.45க்கு. வெளிச்சம் வருமுன்னர் கண்ணைவிடக் காதுக்கே வேலை. வேலிக்கரைப் பற்றைக்குள் செம்பகம் அடித்தொண்டையில் ஊப், ஊப் என்றது. குயில் கூவத் தொடங்கியது. பிறகு புலுனிக் கூட்டம் ஒன்று பூவரசுக்குக் கீழே சருகு கிளறிக்கொண்டு ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கியது. ஏழெட்டுப் புலுனிகள் சேர்ந்து போனால் எங்கள் பத்தாம் வகுப்பு இடைவேளை போலத்தான் இருக்கும்.

முதல் வளவிலேயே நல்ல காட்சி ஒன்று கிடைத்தது. வேப்பமரக் கிளையில் காகம் ஒன்று, தன்னைப் போலவே பெரிதாக வளர்ந்துவிட்ட ஒரு குஞ்சுக்குத் தீன் கொடுத்துக்கொண்டிருந்தது. குஞ்சு காகக் குஞ்சல்ல, குயில் குஞ்சு. குயில் தானாகக் கூடு கட்டுவதில்லை. காகம் கூடு கட்டும் காலம் பார்த்து அதற்குள் முட்டையிடும். சித்திரை வருடப்பிறப்புக்கு நாம் கேட்டு மகிழும் கூவல் ஆண் குயிலுடையது. பெண் குயில் கறுப்பல்ல. மண்ணிறத்தில் வெள்ளைப் புள்ளிகள் உள்ளது. எங்களுள் இருவர் அதை அன்றுதான் முதன்முதல் குயில் என்று அறிந்து பார்த்தார்கள்.

அடுத்தது பனங்கூடல். காற்றில் பனம்பழ வாசம். பனை எங்களுக்கு எதையெல்லாம் தருகிறது என்று பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதாதவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கமாட்டீர்கள். ஓலை, நார், பனாட்டு, ஒடியல், வளை, மரம் என்று எழுதினோம். பறவைக்கு அது தருவதை எழுதவில்லை. தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிப் பறந்த பனை உழவாரன் என்ற சிறு பறவை, தொங்கும் ஓலையின் அடிப்பக்கத்தில் பஞ்சையும் இறகையும் தன் எச்சிலால் ஒட்டிக் கூடு செய்கிறது. எங்கள் வளவுப் பனைகளில் காவோலை முழுவதையும் ஒரே நாளில் வெட்டிச் சுத்தமாக்கினால் அதற்கு வீடில்லை. தூக்கணாங்குருவியின் பழைய கூடுகள் ஓலை நுனிகளில் ஆடிக்கொண்டிருந்தன. அதன் ஆண் பாதிக் கூட்டைக் கட்டிவிட்டுப் பெண்ணை அழைக்கும். பெண் வந்து பார்த்துச் சம்மதித்தால்தான் மீதியைக் கட்டும்.

யுத்த காலத்தில் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்குமாக எத்தனை பனைகள் தறிக்கப்பட்டன, எத்தனை ஷெல்லடியில் தலை இழந்தன என்பதை நாமெல்லோரும் அறிவோம். தலை இழந்த மொட்டைப் பனை ஒன்று அந்தக் கூடலில் நின்றது. அதன் பொந்திலிருந்து பச்சைக்கிளி ஒன்று தலை நீட்டியது. உச்சியில் பனங்காடை ஒன்று உட்கார்ந்திருந்து, திடீரென நீலச் சிறகை விரித்துக் கீழே பாய்ந்து பூச்சி பிடித்தது. பட்ட பனையைப் பயனில்லை என்று சாய்க்கும் முன் ஒரு தரம் அண்ணாந்து பார்த்தால் நல்லது.

பனங்கூடல் முடியும் இடத்தில் மின்கம்பியில் இரட்டைவால் குருவி இருந்தது. உடம்பு முழுவதும் கறுப்பு, வால் மீன்வால் போலப் பிளந்தது. தன்னைவிடப் பெரிய காகத்தை அது துரத்திக்கொண்டு போனதைப் பார்த்தபோது, எங்களுள் சைவசமயம் படிப்பித்த ரீச்சர் ஒருவர் திருவிளையாடற் புராணத்தில் வரும் கரிக்குருவிக்கு உபதேசித்த படலத்தை நினைவூட்டினா. மற்றப் பறவைகளிடம் கொத்து வாங்கிய கரிக்குருவி இறைவனிடம் மந்திர உபதேசம் பெற்று வலியான் ஆன கதை அது. இலங்கையில் இந்தப் பறவை வடக்கிலும் வடமேற்கிலுமே பெரும்பாலும் காணப்படுகிறது. கவுதாரியும் அப்படித்தான். கொழும்பிலிருந்து பறவை பார்ப்பவர்கள் பஸ் பிடித்து வந்து தேடும் பறவைகள், எங்கள் வேலிக்கரையில் சும்மா திரிபவை.

வழியில் ஒரு குளம். கோடையில் நடுவில் மட்டும் தண்ணீர். சிறகிகள், முக்குளிப்பான், கானாங்கோழி, குருட்டுக்கொக்கு, மாட்டின் பின்னால் நடக்கும் உண்ணிக்கொக்கு எல்லாம் அந்தச் சிறு தண்ணீரைச் சுற்றியே நின்றன. வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லாத எங்கள் குடாநாட்டில், மழைத் தண்ணீர் தங்கிச் சுண்ணக்கல்லுக்குள் இறங்குவது குளங்களாலும் கேணிகளாலும். குளத்தைத் தூர்த்தால் கொக்குக்கு மட்டும் நட்டமில்லை. எங்கள் கிணற்றுக்கும் நட்டம்.

பிறகு வல்லை வெளி. யாழ்ப்பாணத்துக்குப் போய் வரும் 750 பஸ்ஸில் எத்தனை நூறு தரம் இதைக் கடந்திருப்போம்! முனியப்பர் கோயிலடியில் கும்பிட்டதும், காற்று வாரிய தலைமயிரை ஒதுக்கியதும், பரீட்சைப் பயத்தோடு யன்னலால் பார்த்ததும் நினைவிருக்கும். இறங்கி நடந்தவர்கள் சிலரே. அன்று சோழகம் பலமாக அடித்தது. தண்ணீர் பின்வாங்கிய உவர் நிலம் வெடித்துக் கிடந்தது. பார்வைக்கு ஒன்றுமே இல்லை. பத்து நிமிடம் அசையாமல் நின்ற பிறகுதான் வெளி உயிர்த்தது.

முதலில் ஆக்காட்டி கத்தியது. ஆள் வருவதைக் காட்டிக் கொடுப்பதால் அது ஆள்காட்டி. நீண்ட சிவப்புக் கால்களில் பவளக்காலிகள் சேற்றோரமாக நடந்தன. இவை இரண்டும் வெறுந்தரையிலேயே முட்டையிடுபவை. முட்டை கல்லும் மண்ணும் போலவே இருக்கும், மிதித்தால்தான் தெரியும். வெயில் ஏறும்போது தாய்ப் பறவை தண்ணீருக்குப் போய் வயிற்று இறகை நனைத்து வந்து முட்டையின் மேல் அமர்ந்து குளிரப் பண்ணும். நாங்கள் நின்றால் அது வராது. வராவிட்டால் முட்டை வெந்துபோகும். ஆகையால் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, படம் எடுக்க நெருங்காமல் விலகினோம்.

ஏரிக்கரை மணலில் குருவி அளவான இன்னொரு பறவை, ஓடி நின்று, ஓடி நின்று இரை பொறுக்கியது. உப்புக்கொத்தி வகை. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வருடம் முழுவதும் வாழும் இதைத் தனி இனம் என்று விஞ்ஞானிகள் 2023 இல் ஏற்றுக்கொண்டு அனுமனின் பெயரை வைத்தார்கள். இரண்டு கரைக்கும் உரியதற்கு வேறு எந்தப் பெயர் பொருந்தும்! அது ஓடிய இடத்திலிருந்து சில யார் தள்ளி மோட்டார் சைக்கிள் தடமும், யாரோ கொட்டிவிட்டுப் போன குப்பைப் பைகளும், அவற்றைக் கிழிக்கும் நாய்களும். வெறும் வெளி என்று நாம் நினைப்பதால்தான் அங்கே குப்பை போகிறது. அது வெறும் வெளியல்ல. கோடையில் அது தொட்டில்.

9 மணிக்குக் கொப்பியை மூடியபோது 37 பெயர்கள் இருந்தன. பெயர் எழுதும்போதுதான் வேறொரு இழப்பும் தெரிந்தது. எங்களோடு வந்த பிள்ளைகளுக்குப் புலுனியை ஆங்கிலப் பெயரில் தெரியும். தமிழ்நாட்டுப் புத்தகம் அதைத் தவிட்டுக்குருவி என்கிறது. எங்கள் அம்மம்மா சொன்ன புலுனி எந்தப் பிள்ளையின் வாயிலும் வரவில்லை. 1878 முதல் 1880 வரை பகுதிகளாக வெளிவந்த லெக் என்பவரின் இலங்கைப் பறவைகள் நூலிலேயே உள்ளூர்த் தமிழ்ப் பெயர்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு பிரித்தானிய அதிகாரி கேட்டு எழுதியதை நாம் கேட்டு எழுதாமல் விடலாமா?

ஆகவே இந்த நூற்றாண்டில் மூன்று சிறிய வேண்டுகோள்கள்.

ஒன்று, பாடசாலை நூலகத்தில் ஒரு பறவைக் கொப்பி. அதே வழியில் ஆடியில் ஒரு காலை, தையில் ஒரு காலை, மாணவிகளும் பழைய மாணவிகளும் சேர்ந்து நடந்து கண்டதை எழுதுவோம். ஒரு வருடக் கணக்கு ஒன்றும் சொல்லாது. இருபது வருடக் கணக்கு எது குறைகிறது என்று சொல்லும்.

இரண்டு, எங்கிருந்தாலும் உங்களுக்கு நினைவிலுள்ள ஊர்ப் பெயர்களைச் சங்கத்துக்கு எழுதி அனுப்புங்கள். உங்கள் ஊர், அந்தப் பெயரைச் சொன்னவரின் உறவுமுறை, பறவையின் நிறம், குரல் ஆகியவையும் இருந்தால் போதும். எழுபது வயதைக் கடந்த அக்காமார் முதலில் எழுதவேண்டும்.

மூன்று, ஊரில் காணி உள்ளவர்கள் நான்கு காவோலையை விடுங்கள், ஒரு மொட்டைப் பனையை விடுங்கள், கேணியைத் தூர்க்காதீர்கள், விறாந்தையில் அடைக்கலக் குருவிக்கு முன்போல ஒரு முட்டி கட்டுங்கள். காணியைப் பார்த்துக்கொள்பவருக்கு இதைத் தொலைபேசியிலேயே சொல்லிவிடலாம்.

மாரியில் வருபவையும் கோடையில் இருப்பவையும் சேர்ந்ததே வல்லை வெளி. வருபவைக்குப் பெயரும் புகழும் உண்டு. இருப்பவையையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். அடுத்த ஆடியில் ஊருக்கு வருபவர்கள் தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் கொண்டு வாருங்கள். காலை 5.45க்குப் பாடசாலை வாசலில் நிற்போம்.